விருப்பம் என்று ஒன்று

சவுரிமுத்துவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை யாரும் அவரிடம் "உனக்கு என்ன விருப்பம்" என்று கேட்டதில்லை. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் இல்லை. கேட்காமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது, நடந்ததில் பெரிய பழுதும் இல்லை. பெயர்கூட அப்படி வந்ததுதான். முன்னால் பிறந்த குழந்தை தங்கவில்லை என்று அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள், அடுத்துப் பிறந்து பிழைத்துக்கொண்ட இவருக்கு அந்தப் பெயர் விழுந்தது. பத்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போனார். இவருக்கு மோட்டார் மெக்கானிக் படிக்க ஆசை. அந்த ஜன்னலில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. டர்னர் பிரிவு ஜன்னலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "எதுல எடம் கீதோ அதுல போடுங்க சார்" என்றார் அப்பா. சவுரிமுத்து லேத் மெஷின்காரர் ஆன வரலாறு இவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் இன்றைய வேலைக்கு வந்து சேர்ந்த வரலாறும், எந்த ஜன்னலில் வரிசை குட்டையாக இருந்தது என்பதுதான்.

ஒரே ஒரு முறை கேட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனத்தோடு வந்திருக்கிறாயா என்று சாமியார் கேட்டார். ஆனால் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் ஒத்திகையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சவுரிமுத்து கோயிலே திரும்பிப் பார்க்கும்படி "ஆமாம்" என்றார். பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்ற செல்வமேரி சிரிப்பை அடக்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாளில் அந்த ஆமாம் உண்மையாகவும் ஆகிப்போனது. அது வேறு கதை.

கேட்கவில்லை என்பதால் விருப்பமே இல்லை என்று ஆகிவிடாது. அவருக்கு ஒன்று இருந்தது. வீடு பீர்க்கன்கரணை. பெருங்களத்தூர் நிறுத்தம் கூப்பிடு தூரம். சின்ன வயதில், சாயங்காலம் ஆனால் போதும், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் போய் நின்றுகொள்வார். நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி என்று பலகை போட்டுக்கொண்டு பஸ்கள் வரிசையாகத் தெற்கே போகும். எல்லாரும் ஜன்னலோரத்து ஆட்களைப் பார்த்துக் கையசைப்பார்கள், இவர் ஓட்டுநரைப் பார்ப்பார். பெரிய வட்டச் சக்கரத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஒரு துண்டோடு, இத்தனை பேரைக் கொண்டுபோய் விடிவதற்குள் இன்னொரு ஊரில் இறக்கிவிடுகிற அந்த ஆள். அவரைவிடப் பெரிய மனிதர் உலகத்தில் கிடையாது என்று சவுரிமுத்துவுக்குப் பட்டது. அப்படிப் பட்டது கடைசிவரை மாறவே இல்லை.

கம்பெனியில் நிரந்தரமான பிறகு, வாரவிடுமுறைகளில் போய்ப் பழகி, கனரக வாகன லைசென்ஸ் எடுத்தார். வீட்டில் காரணம் கேட்டார்கள். ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றார். என்ன ஆத்திரத்துக்கு லாரி ஓட்டப்போகிறார் என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த லைசென்ஸைக் காலாவதி ஆகவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். சிலர் சட்டைப்பையில் சாமி படம் வைத்திருப்பார்கள், இவர் அதை வைத்திருந்தார்.

வேலை பார்த்த கம்பெனி, பெருங்களத்தூரைத் தாண்டித் தெற்கே போகும் வழியில் கார்களுக்குப் பிரேக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலை. பழைய லேத் போய்க் கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்தது, இவரும் கற்றுக்கொண்டார். பக்கத்து மெஷினில் தயாளன். இவர் வயதுதான், இரும்புலியூர்க்காரர், வாய் ஓயாது. தயாளனுக்கு ஆசைகள் ஏராளம். பிரியாணிக்கடை போட வேண்டும், மனை வாங்கி விற்க வேண்டும், ஒரு தடவையாவது கவுன்சிலர் ஆக வேண்டும். மதியச் சாப்பாட்டில் கேண்டீன் பெஞ்சில் தினம் ஓர் ஆசை அவிழும். சவுரிமுத்து சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். தன்னுடையதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நாளே மெஷின் ஷாப் முழுக்க ஹாரன் சத்தம் போட்டுக் கேலி செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு வந்தது. நாற்பத்தைந்து தாண்டிய நிரந்தரத் தொழிலாளர்களுக்கு 'வாழ்நாள் வளர்ச்சி, தொழில் வழிகாட்டல்' பயிற்சி. ஷிஃப்ட் நேரத்திலேயே நடக்கும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள், சமோசா உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கேரியர் கைடன்ஸை நரைத்த தலைக்குக் கொடுக்கிறார்களே என்று எல்லாரும் சிரித்தார்கள். சவுரிமுத்துவின் மகள் ஹெப்சி அப்போது பிளஸ் டூ. அவளுடைய பள்ளியிலும் அதே மாதம் ஒரு வழிகாட்டல் வகுப்பு நடந்தது. அப்பாவும் மகளும் ஒரே பாடம் படிக்கிறார்கள் என்று செல்வமேரி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

பயிற்சி நடத்த வந்தவர் ஷபீனா. பள்ளிக்கரணையில் வீடு, ஒரு கல்லூரியில் உளவியல் ஆசிரியை, முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருகிற மற்றவர்களைப் போலக் கைதட்டச் சொல்லவில்லை, கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்லவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பேசினார். மனிதன் வளர்வது இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுவதில்லை என்றார். பத்து வயதில் ஓர் ஆசை நம்மை ஓட்டுகிறது, முப்பதில் பொறுப்பு ஓட்டுகிறது, ஐம்பதில் வேறு ஒன்று ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நாம் பதினைந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து ஒரே தடவை கேட்டுவிட்டு, கேள்வி முடிந்துபோனதாக நினைத்துக்கொள்கிறோம். பலரை அந்த ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. தொழிலைப் பற்றிய படிப்பு என்றால் எந்த வேலைக்கு எவ்வளவு மார்க் என்று சொல்வதல்ல, ஒரு ஆளை ஆயுசு முழுக்க உள்ளேயிருந்து தள்ளுவது எது என்று அவனே கண்டுபிடிக்க உதவுவதுதான் என்றார்.

சொன்னதில் ஓர் எழுத்து குறை சொல்வதற்கில்லை. அந்த அம்மாள் அதை மனசார நம்பித்தான் சொன்னார். பிறகு நடந்ததற்கு அந்தப் பேச்சைப் பழித்துப் பயனில்லை. நல்ல கேள்விதான். கேட்கப்பட்ட இடம்தான் சரியில்லை.

சவுரிமுத்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பலரை அந்த ஒரு தடவைகூடக் கேட்பதில்லை என்று ஷபீனா சொன்னபோது அவர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐ.டி.ஐ. ஜன்னல் ஞாபகம் வந்தது. அப்பாவின் கை, தன் தோளில் வைத்திருந்த அந்தக் கை, ஞாபகம் வந்தது. அப்பாவின் மேல் கோபம் இல்லை, அப்பாவை யார் கேட்டார்கள்.

மதியத்துக்குமேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவதாக ஏற்பாடு. முதலில் போய்வந்தவர் தயாளன். வெளியே வந்ததும் சவுரிமுத்துவின் விலாவில் இடித்தார்.

"மெஷின்தான் என் உசுரு மேடம், ரிடையர் ஆவற வரிக்கும் எனுக்கு வேற நெனப்பே கெடையாதுன்னு சொல்லிட்டு வந்துகிறேன். நீயும் அதையே சொல்லு மச்சான். கம்பெனி துட்டு குடுத்து கூட்டியாந்த ஆளு. தவள கெட்டது வாயாலன்னு தெரியாதா உனுக்கு."

பிரியாணிக்கடை, மனை, கவுன்சிலர் எல்லாவற்றையும் அந்தக் கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றிவிட்டுப் போயிருந்தார் தயாளன். வாய் ஓயாதவருக்குத்தான் எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிகிறது. ஆயுசு முழுக்க வாய் திறக்காதவருக்கு அது எங்கே தெரியும்.

சவுரிமுத்து தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். அதையே சொல்வது என்றுதான் போனார். ஷபீனா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். குடும்பம் பற்றி விசாரித்தார், ஹெப்சிக்கு லேப் டெக்னீஷியன் படிக்க ஆசை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு மடிக்கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பொண்ணு ஆசைய சொல்லிட்டீங்க. உங்களுக்கு என்ன விருப்பம்ண்ணா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பஸ் ஓட்டணும் மேடம். தூரத்து பஸ்சு. பெருங்களத்தூர்ல எட்த்தா நாகர்கோயில்ல போய்தான் நிறுத்தணும்."

சொன்னபிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஷபீனா சிரிக்கவில்லை. எந்த வயதில் தோன்றியது, ஏன் விட்டுவிட்டீர்கள், இன்றைக்கும் அந்த ரோட்டில் நிற்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவரும் ஒன்று விடாமல் சொன்னார். இத்தனை வருஷம் இது உயிரோடு இருக்கிறதே, இதுதான் உங்களைத் தள்ளுகிற சக்தி, இதை விட்டுவிடாதீர்கள் என்றார் ஷபீனா. சவுரிமுத்து வெளியே வந்தபோது தயாளன் என்ன சொன்னாய் என்று கேட்டார். நீ சொன்னதையேதான் சொன்னேன் என்றார் இவர். முதல் முறையாக நண்பனிடம் பொய் சொன்னார், அதில் ஒரு குஷியும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததைச் செல்வமேரி இன்றும் சொல்லுவாள். சாப்பாட்டில் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற மனுஷர் இல்லை அவர். தட்டில் எது விழுந்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுவார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போதே, கத்திரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வை என்றார். அவள் திகைத்துப்போனாள். வேலைக்கு ஏதாவது பிரமோஷனா என்று கேட்டாள். சாப்பிடும்போது மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். ஹெப்சி விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ரிடையர் ஆனதும் ஓட்டுங்கப்பா, முதல் சீட்டு எனக்கு என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று செல்வமேரி கோபித்துக்கொண்டாள். நீ கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது.

இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நாக்கில் சர்க்கரை போட வேண்டும். விருப்பம் என்று ஒரு நல்ல சொல், ஓய்வு என்று ஒரு நல்ல சொல், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நிரந்தரத் தொழிலாளிகளைக் குறைத்துவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு டிரெய்னிப் பையன்களை எடுக்கப்போகிறார்கள் என்பது ஷாப்பில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. யார் யார் என்பதுதான் தெரியவில்லை. சவுரிமுத்து பயப்படவில்லை. ஒருநாள் லீவு எடுக்காதவர், மெமோ வாங்காதவர். தன்னை எதற்குக் கூப்பிடப்போகிறார்கள் என்றிருந்தார்.

கூப்பிட்டார்கள். எச்.ஆர். மேலாளர் ஷ்யாம்சுந்தர், தன்மையான மனிதர், உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். கம்பெனியின் கஷ்டத்தைச் சொன்னார். சவுரிமுத்து தனக்கு விருப்பமில்லை என்று சொன்னார், மகள் படிப்பு இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றார். ஷ்யாம்சுந்தர் புரிகிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஆனா சார், உங்களுக்கு வேற விருப்பம் இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. லைசென்ஸ்கூட ரெடியா வெச்சிருக்கீங்க. ஷபீனா மேடம் ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க உங்களப் பத்தி. இந்த வேலைல உங்க மனசு இல்ல, கட்டாயத்துக்கு இருக்கீங்க. அப்படி ஒருத்தர நாங்க பிடிச்சு வெச்சுக்கிறது தப்பில்லையா?"

மனசு இல்லை என்று சவுரிமுத்து சொல்லவே இல்லை. ஒருவனுக்கு இரண்டு மனசு இருக்கலாம், பஸ்ஸை நினைத்துக்கொண்டே மெஷினைப் பழுதில்லாமல் ஓட்டலாம், இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டாயம் எதுவும் கிடையாது என்றார் ஷ்யாம்சுந்தர். வேலையில் தாராளமாகத் தொடரலாம், ஆனால் அடுத்த மாதத்திலிருந்து வடக்கே இருக்கிற இன்னொரு பிளான்ட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும், ரயிலில் இரண்டு நாள். உங்களுக்குத்தான் தூரத்து ஊர் என்றால் பிடிக்குமே என்று சிரித்தபடி சொன்னார். அது கேலி என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. சில பேர் அப்படித்தான், கத்தியை எடுத்தது தெரியாமலே வெட்டிவிட்டு, துடைத்து வைத்துவிடுவார்கள்.

ஒரு வாரம் இழுத்துப் பார்த்தார். யூனியன்காரர்கள் கையெழுத்துப் போடாதே என்றார்கள், அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். பீர்க்கன்கரணையைத் தாண்டி இருந்தறியாத செல்வமேரியையும் படிக்கிற பெண்ணையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊரில் போய் என்ன செய்வது. கடைசியில் போட்டார். விருப்பத்தின்பேரில் என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே போட்டார். தயாளனை யாரும் கூப்பிடவே இல்லை. மெஷின்தான் உயிர் என்றவரை எப்படிக் கூப்பிடுவார்கள்.

கடைசி நாளன்று தயாளன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார், அவருக்கே பேச்சு வரவில்லை. உண்மையைச் சொன்னாயா மச்சான் என்று மட்டும் கேட்டார். சவுரிமுத்து ஆமாம் என்றார். தயாளன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் சொன்னதற்காக அழுதாரா, உண்மை சொன்னவனுக்காக அழுதாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

கோயிலில் சாமியார் சொல்வார், கேட்டால் கிடைக்கும் என்று. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னால் என்ன கிடைக்கும் என்று எந்தப் பிரசங்கத்திலும் வரவில்லை.

சரி, வந்தது வந்துவிட்டது, ஆசைப்பட்டதையாவது செய்வோம் என்று பெருங்களத்தூரில் ஆம்னி பஸ் ஆபீஸ்களில் ஏறி இறங்கினார். லைசென்ஸைப் பார்த்தார்கள், பிறகு அவர் தலைமுடியைப் பார்த்தார்கள். இதுவரைக்கும் எந்த வண்டி ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். எதுவும் ஓட்டியதில்லை என்றார். ராத்திரி வண்டி, அத்தனை உயிர், ரோட்டில் முன்அனுபவம் இல்லாத ஐம்பது வயது ஆளை நம்பி எப்படிக் கொடுப்பது என்றார்கள். நியாயமான கேள்விதான். அவரே முதலாளியாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தார். வந்த பணம் கரையும் வேகத்தைப் பற்றி விவரிக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹெப்சி லேப் டெக்னீஷியன் ஆசையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே பி.காம். சேர்ந்தாள். எதில் இடம் காலி, எதில் கட்டணம் குறைவு என்று பார்த்துச் சேர்த்தார்கள். விண்ணப்பம் கொடுக்கிற ஜன்னலில் மகளின் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றபோது சவுரிமுத்து குனிந்து தன் கையைப் பார்த்தார். அந்தக் கை யாருடைய கை என்று அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர் வேலை கிடைத்தது. முதலில் வேன், ஆறு மாதம் கழித்துப் பெரிய பஸ். எந்த ரூட் என்று அவர் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. பெருங்களத்தூரில் எடுத்து, அவருடைய பழைய கம்பெனி வாசலில் நிறுத்த வேண்டும். நாகர்கோவில் போக வேண்டிய பஸ் வண்டலூர் பாலம் தாண்டிச் சில நிமிடத்தில் நின்றுவிட்டது. ஏற்றிப்போவது யாரை? டிரெய்னிப் பையன்களை. அவருடைய மெஷினில் நிற்கிறவனும் அதில் ஒருவன், இரண்டாம் சீட்டில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டே வருவான். நல்ல பையன். ஏறும்போது குட்மார்னிங்ண்ணா என்பான். அவன்மேல் வெறுப்பு வரவேண்டுமே என்று சவுரிமுத்து முயன்றுகூடப் பார்த்தார், வரவில்லை.

பஸ் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே விடமாட்டார்கள். வாட்ச்மேன் பழைய ஆள், பார்த்தால் சலாம் போடுவார். கண்ணெதிரில் ஷாப்பின் தகரக் கூரை தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஆசைப்பட்டபடி ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டதே, கொடுத்துவைத்தவரய்யா நீர். அவர் சிரித்துவைப்பார். செல்வமேரி மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

போன ஆனியில் ஒரு காலை. மழை பிடித்துக்கொண்டதில் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் ஆட்டோ எதுவும் சிக்காமல் ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றார். கம்பெனி பெயரைப் பஸ்ஸில் பார்த்துவிட்டு ஓடிவந்து, அங்கேதான் போக வேண்டும், ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஷபீனா. முன்சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டவர், கண்ணாடியில் டிரைவரைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துபோனது.

பஸ் ஓட்டணும்னு சொன்ன அண்ணாதானே நீங்கள் என்றார். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தவர் நீங்கள் ஒருவர்தான், வகுப்பில் பிள்ளைகளிடம் உங்களைப் பற்றி எப்போதும் சொல்வேன் என்றார். நிரந்தர வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததைத் தேடி வந்துவிட்டீர்களே, என்ன துணிச்சல் என்றார். இன்றைக்குக்கூட டிரெய்னிப் பையன்களுக்கு அதே பயிற்சிதான், நீங்களும் உள்ளே வந்து பேச வேண்டும் என்றார்.

சவுரிமுத்து கியரை மாற்றினார். அவருக்குக் கோபம் வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார், இந்த அம்மாளை எங்காவது பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தைப் பார்த்ததும் எல்லாம் வடிந்துவிட்டது.

"நான் எங்க மேடம் வுட்டேன்" என்றார். "நீங்க எழுதுனத வெச்சிகினுதான் அனுப்சிட்டாங்கோ. இவனுக்கு வேலைல மனசு இல்லன்னு."

பிறகு பையன்களை எழுப்பாத குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஷ்யாம்சுந்தர் சொன்னது, காபி, வடக்குப் பிளான்ட், ஹெப்சியின் பி.காம். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். தொழிலாளர்களுக்கு உதவியாகப் பயிற்சி கொடுக்கப்போகிறோம், அதற்காக எழுதிக்கொடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள் என்று பாதியில் ஒருமுறை ஷபீனா குறுக்கிட்டார், அதை முடிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று சவுரிமுத்துவுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

கேட் வந்தது. பையன்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிப் போனார்கள். ஷபீனா மட்டும் இறங்காமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கண்ணா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், எழுதிக்கவும் மாட்டேன். என்னால முடிஞ்சத செய்றேன்."

உள்ளே முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. சவுரிமுத்துவின் கால் பழக்கதோஷத்தில் பெடலை விட்டு நகர்ந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கணத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும். இறங்கி, அந்தப் பையன்களோடு பையனாகக் கேட்டுக்குள் நுழைந்து, தன் மெஷின்முன் நிற்க வேண்டும். மதியம் கேண்டீன் பெஞ்சில் தயாளன் பிரியாணிக்கடை கதை பேச, பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார்சாதம் பிசைய வேண்டும். எப்போதாவது, யாருக்கும் தெரியாமல், நாகர்கோவில் பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும்ண்ணா."

"இர்ந்துச்சு மேடம். கேட்டீங்க, சொல்ட்டேன்."

ஷபீனா இறங்கினார். மழையில் சற்றுநேரம் நின்றார். பிறகு வாட்ச்மேனிடம் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். போகாமல் என்ன செய்வார், ஒத்துக்கொண்ட வகுப்பு, அவருக்கும் அது வேலை. உள்ளே போய் அந்தப் பிள்ளைகளிடம் என்ன கேட்டாரோ, கேட்காமல் விட்டாரோ, தெரியாது. சவுரிமுத்து பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காசிமேட்டிலிருந்து வருகிற கூடைக்காரியிடம் நல்ல நெத்திலிக் கருவாடு வாங்கிவைத்திருந்தாள், கத்திரிக்காயும் இருந்தது. இருந்தாலும் அவர் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"இன்னாங்க, ராவைக்கு இன்னா வேணும் உங்களுக்கு?"

சவுரிமுத்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

"எதுனா பண்ணு" என்றார்.